பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளையின் மொழியும் மூடுமா?

(எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியுமாக வளரும் பிள்ளைகளை, கஷ்ட காலம் வரும்போது எப்படிக் காப்பாற்றுவது என்பதே இன்று நாம் பேசவேண்டிய விஷயம் என்று தலைவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். இதைப்பற்றிப் பேச நமக்கென்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். நாம் காலேஜில் படித்தவர்களல்ல. நமக்குத் தெரிந்ததெல்லாம் வாசகசாலையில் படித்ததும், நாலு பேர் விவாதிக்கும்போது கேட்டதும், கேட்டதைக் கொண்டு யோசித்ததுமேயாகும். ஆனால் பிள்ளை வளர்ப்பது என்பது பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் சொந்தமான காரியமல்லவே! ஆதலால் நமக்குச் சரி என்று பட்டதைச் சொல்லுகிறோம். சரியில்லை என்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, கஷ்ட காலம் என்று எதைச் சொல்லுகிறோம்? 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நம் நாட்டிலுள்ள பள்ளிக்கூடங்களெல்லாம் மூடப்பட்டன. பெரிய வகுப்புகளை இடையிடையே திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கோ 2021-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதியில்தான் கதவு திறந்தது. அதாவது 19 மாதங்களுக்கு மேல் சிறு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிக்கவில்லை. 2020-இல் முதல் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை, உபாத்தியாயரின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தது இரண்டாம் வகுப்பில்தான். இடையில் ஒரு வகுப்பு ஓடிப்போய்விட்டது. பரீட்சையில்லாமல் பாஸ் என்று போட்டார்கள். போடாமல் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் காகிதத்தில் பாஸ் ஆனதனால் அக்குழந்தைக்கு 'அ' என்ற எழுத்து தெரிந்துவிடுமா என்று கேட்கின்றோம்.

இந்த நஷ்டம் எல்லாருக்கும் பொதுவானதுதான். ஆனால் எல்லாருக்கும் சமமானதல்ல. வீட்டிலும் தமிழ், தெருவிலும் தமிழ், பள்ளியிலும் தமிழ் என்றுள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மூடினால் எழுத்து போயிற்று, பேச்சு போகவில்லை. நம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருது பேசும் வீடுகள் இருக்கின்றன. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் செங்கற் சூளைக்கும் மில்லுக்கும் வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளில் அநேகருக்குத் தமிழ் என்பது பள்ளிக்கூடத்தில் கிடைக்கின்ற பொருள். பள்ளிக்கூடம் மூடிற்றென்றால் அந்தக் கடையே மூடிற்று என்று அர்த்தம். எழுத்தும் போயிற்று, பேச்சும் போயிற்று. டெலிவிஷனில் பாடம் வந்தது, செல்போனில் பாடம் வந்தது என்பார்கள். வந்தது உண்மைதான். ஒரு போன், அதுவும் தகப்பன் வேலைக்குப் போகும்போது அவர் சட்டைப்பையில் போய்விடும், மூன்று பிள்ளைகள், பாடமோ பிள்ளைக்குப் பாதி புரியாத மொழியில். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அந்தப் பெட்டிக்கு வாய் இல்லை. இதைத்தான் படிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. 2020-ஆம் வருஷம் வேலையிழந்து, மூட்டை முடிச்சுகளுடன் ரயிலிலும் கால்நடையாகவும் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்களே, அவர்களோடு போன பிள்ளைகள். வந்த இடத்தில் கற்ற மொழி அங்கே செல்லாது. அங்கே செல்லும் மொழியின் எழுத்து இப்பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு ஊருக்கும் இடையில் தொங்கிய அப்பிள்ளைகளைப்பற்றிக் கவலைப்பட்டவர்கள் மிகச் சிலரே.

வீட்டு மொழியை விட்டுவிடலாமா?

சரி, கதவு திறந்த பிறகு என்ன நடந்தது? பிள்ளை பின்தங்கிவிட்டான் என்று பெற்றோர் போய்க் கேட்டால், படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்களே என்ன யோசனை சொல்லுகிறார்கள்? "வீட்டில் உங்கள் பாஷையைப் பேசாதீர்கள், இரண்டு மொழியானால் பிள்ளையின் மூளை குழம்பிவிடும், தமிழையே பேசுங்கள்" என்கிறார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனாலோ, "வீட்டில் இங்கிலீஷையே பேசுங்கள்" என்கிறார்கள். தாய்க்குத் தெரிந்த இங்கிலீஷ் "கம்", "கோ", "ஈட்" என்ற மூன்று சொல்லாக இருக்கும். அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? நிலா ஏன் தேய்கிறது என்று பிள்ளை கேட்டால் "ஈட்" என்று சொல்லுவதா? கதை சொல்லிக்கொண்டும், கணக்குப் போட்டுக்கொண்டும், ஏன் எதற்கு என்று பேசிக்கொண்டும் இருந்த தாயை ஊமையாக்கிவிட்டு, பிள்ளைக்கு அறிவு வளரும் என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டு மொழி மூளையைக் குழப்பும் என்பது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இது பாட்டி சொன்ன மூடநம்பிக்கை அல்ல. விஞ்ஞானம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த நம்பிக்கை. ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டும்.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் என்ற நாட்டில் வெல்ஷ் என்ற சொந்த மொழி உண்டு. அங்கே டி. ஜே. சேர் என்பவர் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைச் சோதித்து 1923-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாட்டுப்புறத்தில் வெல்ஷும் இங்கிலீஷும் பேசும் பிள்ளைகள், ஒரே மொழி பேசும் பிள்ளைகளைவிடப் புத்திச் சோதனையில் குறைந்த மார்க்கு வாங்கினார்கள் என்று அதில் கண்டிருந்தது. உடனே "பார்த்தீர்களா, இரண்டு மொழி ஆகாது" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஆனால் அதே சோதனையிலேயே, பட்டணத்துப் பிள்ளைகளுக்குள் அப்படிப்பட்ட வித்தியாசம் காணப்படவில்லை. தோழர்களே, யோசித்துப் பாருங்கள். இரண்டு மொழிதான் மூளையைக் கெடுப்பதென்றால், நாட்டுப்புறத்தில் கெடுத்தது பட்டணத்தில் ஏன் கெடுக்கவில்லை? விஷம் என்றால் எங்கே சாப்பிட்டாலும் விஷம்தானே! காரணம் மொழியில் இல்லை, வாழ்க்கை நிலையில் இருக்கிறது என்று அப்போதே கண்டிருக்கலாம். பிறகு அதே வேல்ஸைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் என்பவர் 1959-இல் இவ்விஷயத்தை மறுபடி ஆராய்ந்து, குடும்பத்தின் தொழிலையும் வசதியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் நிற்கவில்லை என்று காட்டினார். ஏழைமையின் குற்றத்தை மொழியின் தலையில் போட்டார்கள் என்பதுதான் விஷயம்.

1962-இல் கானடா நாட்டு மான்ட்ரியல் நகரத்தில் பீல் அம்மையாரும் லாம்பர்ட் என்பவரும் பத்து வயதுப் பிள்ளைகளைக் குடும்ப வசதியில் சமமாக வைத்துச் சோதித்தார்கள். இரு மொழிப் பிள்ளைகள் அதில் மேலாகவே வந்தார்கள். உடனே நாம் அந்தப் பக்கம் குதித்து, "இரண்டு மொழி தெரிந்தால் மேதையாகிவிடலாம்" என்று சொல்லிவிடக் கூடாது. அவர்கள் சோதித்தது இரண்டு மொழியும் நன்றாகக் கைவந்த பிள்ளைகளையே. ஆகவே அதற்கு அளவு மீறி அர்த்தம் செய்வதும் ஒரு மூடநம்பிக்கைதான். இரண்டு மொழியினால் கேடில்லை; இரண்டையும் சரியாக வளர்த்தால் நன்மை உண்டு; அவ்வளவே. நமக்கு அது போதும்.

இதற்கு மான்ட்ரியல் வரை போகவும் வேண்டியதில்லை. மதுரையிலே சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் ஒரு மொழியும் வெளியில் தமிழுமாக வாழ்ந்து வருகிறார்களே, அவர்கள் மூளை குழம்பியா போய்விட்டது? நம் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாள் தெலுங்கனிடம் தெலுங்கிலும், கன்னடியனிடம் கன்னடத்திலும், நம்மிடம் தமிழிலும் விலை சொல்லி, ஒரு காசு தவறாமல் வாங்கிப்போடுகிறார்களே! அந்த அம்மாளுக்குக் குழப்பம் வரவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் வந்திருக்கிறது.

யுத்த காலத்துப் பிள்ளைகள்

கஷ்ட காலத்தில் பிள்ளைகளின் மொழி என்னவாகிறது என்பதற்கு உலகத்தில் இரண்டு சான்றுகளைச் சொல்லுகிறோம்.

ஒன்று பின்லாந்து. 1939 முதல் 1944 வரை அந்நாடு ரஷ்யாவோடு யுத்தத்தில் மாட்டிக்கொண்டது. குண்டிலிருந்தும் பசியிலிருந்தும் காப்பாற்றுவதற்காக ஏறத்தாழ 70,000 குழந்தைகளைக் கழுத்தில் பெயர்ச் சீட்டுக் கட்டிப் பெரும்பாலும் ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள், ஸ்வீடன் ஜனங்களும் அன்போடுதான் வளர்த்தார்கள். ஆனால் யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, சிறு வயதில் போன குழந்தைகளில் அநேகருக்குப் பின்னிஷ் மொழி ஒரு சொல்கூட ஞாபகமில்லை. பெற்ற தாய் கட்டிப்பிடித்து அழுகிறாள். குழந்தைக்கு அவள் என்ன சொல்லுகிறாள் என்று தெரியவில்லை. பிறகு பின்னிஷ் கற்றுக்கொண்டு, வந்த ஸ்வீடிஷை மறந்துபோனவர்களும் உண்டு. இதிலிருந்து என்ன தெரிகிறது? தாய்மொழி ரத்தத்தில் ஓடுகிறது, பிறப்பில் ஒட்டியிருக்கிறது என்று பேசுவதெல்லாம் வெறும் புராணம் என்பது தெரிகிறது. மொழி ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பேசினால் இருக்கும், பேசாவிட்டால் போய்விடும். கிணற்றில் இறைத்தால்தான் ஊறும் என்பதுபோல.

மற்றொன்று அதே வேல்ஸ். 1939 செப்டம்பரில் யுத்தம் தொடங்கியதும் லிவர்பூல் முதலிய பட்டணங்களிலிருந்து இங்கிலீஷ் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக வேல்ஸ் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். இதில் இரண்டு விஷயம் நடந்தது. வெல்ஷ் பேசும் வீடுகளில் தங்கிய இங்கிலீஷ்ப் பிள்ளைகளில் பலர், யாரும் இலக்கணம் சொல்லிக்கொடுக்காமலே, கூட விளையாடும் பிள்ளைகளிடமிருந்து வெல்ஷ் பேசப் பழகிவிட்டார்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், அபரிஸ்ட்வித் என்ற ஊரில் பள்ளிக்கூடம் முழுவதும் வந்த பிள்ளைகளால் நிரம்பி எல்லாம் இங்கிலீஷ்மயமாகிவிடும் போலிருந்தது. இபான் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ் என்பவர் தம் மகனுடைய மொழி போய்விடுமே என்று யோசித்தார். யுத்தம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருக்கவில்லை. அதே செப்டம்பரில் வெல்ஷ் மொழியில் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். எத்தனை பிள்ளைகளைக் கொண்டு? ஏழே ஏழு! நோரா ஐசக் என்ற அம்மையார் உபாத்தியாயராக இருந்தார். எட்டு வருஷம் கழித்து, 1947-இல், லானெல்லி என்ற ஊரில் அரசாங்கச் சார்பிலேயே வெல்ஷ் மொழிப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதன் பிறகு நாடெங்கும் பரவிற்று. அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராமல் போய்விட்டதா? இல்லை. இரண்டும் வந்தது.

இதே வேல்ஸில் 19-ஆம் நூற்றாண்டில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டி அவமானப்படுத்திய பள்ளிக்கூடங்கள் இருந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். நம் ஊர்களிலும் தமிழ் பேசினால் அபராதம் என்று விதித்த இங்கிலீஷ்ப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கச் சம்பளமும் கட்டி, தாய்மொழி பேசியதற்கு அபராதமும் கட்டுகிற மானங்கெட்ட நிலை நமக்கு ஏன்?

வசம்பும் தேனும்

இன்னொன்று சொல்லவேண்டும். பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால் நாம் என்ன செய்கிறோம்? நாக்கில் வசம்பைத் தேய்க்கிறோம். தேனைத் தடவுகிறோம். வேண்டுதல் வைக்கிறோம். நாக்கில் தடவுவதால் பேச்சு வருமானால், மளிகைக் கடைக்காரன் பிள்ளையல்லவா ஊரிலேயே பெரிய பிரசங்கியாக இருக்கவேண்டும்? கைக்குழந்தைக்குத் தேன் கொடுப்பதோ ஆபத்தானது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். பேச்சு என்பது காது வழியாக உள்ளே போய், வாய் வழியாக வெளியே வருவது. ஆதலால் இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையானால், முதலில் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதியுங்கள். வீட்டில் இரண்டு மொழி பேசியதால்தான் பேச்சு வரவில்லை என்று சொல்லி அனுப்பினால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். காதைச் சோதிக்கும்படி கேளுங்கள். பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலந்து பேசினால் பயப்படாதீர்கள். அது குழப்பமல்ல, கையிலுள்ள இரண்டு பையிலிருந்தும் எடுத்துச் செலவு செய்கிறான், அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும்?

இனி காரியத்துக்கு வருவோம். பள்ளிக்கூடம் இன்னொரு தடவை மூடாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நோய் வரலாம், வெள்ளம் வரலாம், வேலை போய் ஊர் மாறவேண்டி வரலாம். அப்போது நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, உங்களுக்கு எந்த மொழி நன்றாக வருமோ அந்த மொழியில் பிள்ளையோடு தாராளமாகப் பேசுங்கள். தெலுங்கில் கூட்டல் கழித்தல் தெரிந்துகொண்ட பிள்ளை, தமிழில் அதை மறுபடி கற்கவேண்டியதில்லை; பெயரை மட்டும் கற்றால் போதும். அறிவு ஒன்றுதான், அதற்குப் போடும் சட்டைதான் வேறு. உழவும், தறியும், சந்தைக் கணக்கும், மழை ஏன் பெய்கிறது என்பதும் பேசுவதற்குப் புத்தகம் வேண்டாம்.

இரண்டாவது, பேசுகிற வேலையைத் தாயின் தலையில் மட்டும் போடாதீர்கள். தகப்பன்மார்களுக்குச் சொல்லுகிறோம். பிள்ளையோடு நாளைக்கு அரைமணி நேரம் பேசுவதால் ஆண்மை குறைந்துவிடாது.

மூன்றாவது, எழுத்தைத் தினந்தோறும் கண்ணில் காட்டுங்கள். எழுத்தறியாத தாயும் இதைச் செய்யலாம். பிள்ளையைத் தமிழில் நாலு வரி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு "அதிலே என்ன இருக்கிறது, நம் பாஷையில் சொல்" என்று கேளுங்கள். சொன்னால் புரிந்தது, சொல்லாவிட்டால் புரியவில்லை. இதைவிடச் சிறந்த பரீட்சை இல்லை. பிள்ளைக்கு இரண்டு மொழியும் ஒரே சமயத்தில் வளரும்.

நான்காவது, பள்ளி மூடிய காலத்தில் பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைத் தூக்கவும் நிறுத்தி, பிறகு பள்ளி திறந்தும் அனுப்பாமல் கல்யாணம் செய்து தள்ளிய கொடுமை பல ஊர்களில் நடந்தது. மொழியைக் காப்பாற்றுவோம் என்று இங்கே கைதட்டிவிட்டு, வீட்டிலிருக்கும் பெண்ணின் படிப்பை நிறுத்துகிறவர் கைதட்டாமலே இருந்திருக்கலாம்.

ஐந்தாவது, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தை அரசாங்கத்தார் தொடங்கி, ஊரிலுள்ள படித்த வாலிபர்களையும் பெண்களையும் கொண்டு மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட காரியத்துக்கு எல்லைப்புறத்தில் ஆள் பொறுக்கும்போது, பிள்ளையின் வீட்டு மொழியும் தமிழும் இரண்டும் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவேண்டும். சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியில் தாய்மொழி வசதி செய்துகொடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சட்டம் புத்தகத்தில் படுத்துக்கொண்டிருக்கும். அதை எழுப்ப வேண்டியது பெற்றோரின் வேலை.

"அப்படியானால் தமிழ் வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அப்படி நாம் சொல்லவே இல்லை. இந்நாட்டில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைத் தலத்திலும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கவேண்டி வரும். இங்கிலீஷும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கொடுப்பதற்கு மற்றொன்றைப் பிடுங்கவேண்டும் என்பதைத்தான் மறுக்கின்றோம். மாடி கட்ட வேண்டுமென்று அஸ்திவாரத்துக் கல்லைப் பெயர்த்து எடுக்கிறவனை யாராவது கொத்தன் என்பார்களா?

"எல்லாம் சரி, ஏழைகளுக்கு இதற்கெல்லாம் நேரமேது?" என்று மற்றொரு சீட்டு. நியாயமான கேள்வி. நாம் சொன்னதில் பணம் செலவாவது எது என்று எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியில் பேசலாம், அடுப்பங்கரையில் பேசலாம், படுக்கையில் பேசலாம். பணக்காரன் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று ஏழை வீட்டிலும் இருக்கிறதென்றால், அது இந்தப் பேச்சுத்தான். அதையும் "மூளை குழம்பும்" என்று சொல்லி நம் கையாலேயே மூடிவிட வேண்டுமா?

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, இன்று பள்ளியில் படித்ததை உங்கள் மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். பிள்ளைக்குத் தமிழ் குறைகிறதா, கூடுகிறதா என்று நீங்களே அளந்து பார்த்து, பிறகு உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகிறதோ அதன்படி நடந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.